மொட்டை மாடியில் ஒரு மேடை

துணியின் இடது முனை கொஞ்சம் இறங்கித் தொங்குவது வேறு யார் கண்ணுக்கும் தெரியாது, சோலைமலையின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டால் போச்சு, இனி அவனால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். இடது முனையைத் தூக்கிக் கட்டினான். இறங்கித் தள்ளி நின்று பார்த்தால் இப்போது வலது முனை இறங்கியிருக்கிறது. மறுபடி ஏறினான். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. மதுரைக் கல்யாண மண்டபங்களில் மணமேடைக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக விழும் துணியில் பாதி அவன் கட்டியது, பொண்ணு மாப்பிள்ளை தலைக்கு மேலே தொங்கும் பூச்சரம் அவன் தொங்கவிட்டது. ஆயிரம் பேர் வந்து சாப்பிட்டுப் போகிற இடத்தில்கூட வராத தடுமாற்றம், வில்லாபுரத்தில் ஒரு வாடகை வீட்டு மொட்டை மாடியில், அவன் குடியிருக்கிற ஒத்தை ரூமுக்கு முன்னால் இருக்கிற இத்தனூண்டு இடத்தில் வந்து தொலைத்திருக்கிறது. சாயங்காலம் அவன் மகள் வருகிறாள். தன்ஷிகா, வயசு ஒன்பது, எல்லிஸ் நகரில் அம்மாவோடு இருக்கிறாள். சோலைமலையும் ரேணுகாவும் தனித்தனியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மகள் வருவாள், இருட்டியதும் திரும்பிவிடுவாள். இந்தத் தடவைதான், ராத்திரி இங்கே தங்கட்டுமா என்று ரேணுகாவிடம் போனில் கேட்டிருந்தான். கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரேணுகா, "அவளே இருக்கேன்னு சொன்னா இருக்கட்டும். மூஞ்சியத் தூக்குனா எட்டு மணிக்குக் கொண்டாந்து விட்டுரணும். கட்டாயப்படுத்தக் கூடாது" என்றாள். கட்டாயப்படுத்துவதாம். அவன் என்றைக்கு யாரைக் கட்டாயப்படுத்தினான்? ஆனால் அவள் அப்படிச் சொன்னது சரிதான் என்றும் தோன்றியது. அவனுக்கே பயமாகத்தான் இருந்தது. வலது முனையைத் தூக்கிக் கட்டிவிட்டு இறங்கினான். இப்போது நடுவில் தொய்வு விழுந்திருந்தது.

போன தடவை வந்தபோது அவள் ரூமுக்குள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், ஷூவைக்கூடக் கழற்றவில்லை, ஃபேன் வெந்நீரை வாரி இறைக்கிற மாதிரி அனல் காற்றை வாரி இறைத்துக்கொண்டிருந்தது, அவன் பரோட்டா வாங்கி வந்து பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி நீட்டினான், அவள் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் தாழ்ந்த குரலில், யாருக்கும் வலிக்காமல் கேட்க வேண்டும் என்று யோசித்துக் கேட்டது மாதிரி, எப்பப்பா போவோம் என்றாள். அந்தக் கேள்வி ஒரு மாதமாக அவனுக்குள் கிடந்து உருள்கிறது. லாரியில் இரும்புக் குழாய் ஏற்றும்போது உருள்கிறது, டீ குடிக்கும்போது உருள்கிறது. ரூம்தான் காரணம் என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான். ரூமைச் சொல்லித் தப்பித்துக்கொண்டான் என்றுகூடச் சொல்லலாம். ரூம் சரியில்லை, சரி, ரூமுக்கு வெளியே இடம் இருக்கிறதே, வானம் இருக்கிறது, காற்று வருகிறது, அவனியாபுரம் பக்கம் விமானம் இறங்குவது இங்கிருந்து நன்றாகத் தெரியும், பிள்ளைக்குப் பிடிக்கும், ஒரு ஊஞ்சல் நாற்காலி போட்டால், கீழே புல் மாதிரி விரிப்பு போட்டால், நாலு செடி வைத்தால், மேலே சீரியல் பல்பு ஓடவிட்டால் எந்தப் பிள்ளைதான் இருக்க மாட்டேன் என்று சொல்லும். இப்படித்தான் தொடங்கியது. எந்தப் பிள்ளைதான். அங்கேதான் அவன் மனசு இப்போது போய் மாட்டிக்கொண்டது. எந்தப் பிள்ளைக்கும் என்ன பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும், பிறந்தநாள் மேடை கட்டிக் கட்டி மூன்று வயசுக்கு என்ன, ஆறு வயசுக்கு என்ன, ஒன்பது வயசுக்கு என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான், கொம்பு வைத்த குதிரை, மீன் வால் பெண், நிலாவில் உட்கார்ந்த கரடி. தன்ஷிகாவுக்கு என்ன பிடிக்கும்? ஊதா. ஊதாதான், சின்னப் பிள்ளையில் ஊதா கவுனைக் கழற்ற மாட்டேன் என்று அழுதாள். அழுதது அவள்தானா, இல்லை பைபாஸ் ரோட்டு மண்டபத்தில் கேக் வெட்டிய அந்த டாக்டர் வீட்டுப் பிள்ளையா? அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கையிலிருந்த ஜிகினா நெற்றியில் ஒட்டிக்கொண்டது. பெத்த பிள்ளையின் அழுகையும் ஊரான் பிள்ளையின் அழுகையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துபோய்விட்டால் ஒரு தகப்பன் என்னதான் செய்வான்.

மேடைச் சாமான் கிடக்கிற குடோனிலிருந்து ஒன்றுகூட இங்கே வரக் கூடாது என்பதில் மட்டும் அவன் உறுதியாக இருந்தான். அதற்குக் காரணம் இருந்தது, அதை அவன் நினைக்க விரும்புவதில்லை, நினைக்க விரும்பாததுதான் முதலில் வந்து நிற்கும். அவளுடைய ஆறாவது பிறந்தநாளுக்கு, முந்தின நாள் வேறொரு வீட்டில் பிரித்த சாமானைக் கொண்டுவந்து வீட்டில் கட்டினான், காசு மிச்சம் என்று இல்லை, நேரம் இல்லை, அடுத்தடுத்து முகூர்த்தம். அவள் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தாள். மூலையில் எடுக்க மறந்துபோன ஒரு சின்ன அட்டையில் இருந்த பெயரை உரக்கக் கூட்டிப் படித்தாள். பிரணவி. பிரணவி யாருப்பா என்றாள். ரேணுகா சமையலறைக்குள் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. அதனால் இந்தத் தடவை எல்லாம் புதுசு, விளக்குத்தூண் பக்கம் அலைந்து சாட்டின் துணி எடுத்தான், ஊஞ்சல் நாற்காலியை ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்தான், மண்டபம் மாதிரி ஆகிவிடக் கூடாதென்று செடிக்காரரிடம் பூக்காத செடியாகப் பார்த்து எடுத்துவிட்டுப் பிறகு பூக்கிற செடிதானே பிள்ளைக்குப் பிடிக்கும் என்று திரும்பப் போய் மாற்றினான். எல்லாம் புதுசு, ஆனால் கை பழசு. அதை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது அவனுக்கே தெரிந்துவிட்டது. பின்னால் ஊதாத் துணி மடிப்பு மடிப்பாக, நடுவில் நாற்காலி, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஒரே எண்ணிக்கையில் பூந்தொட்டிகள், மேலே தெர்மாகோலில் வெட்டி ஜிகினா தூவிய எழுத்தில் மகளின் பெயர். ரிசப்ஷன். சுத்தமான ரிசப்ஷன். மொய்க்கவர் வாங்க ஒரு ஆள் உட்காராததுதான் பாக்கி.

அவசர அவசரமாகத் தொட்டிகளைக் கலைத்தான். இடது பக்கப் பூந்தொட்டி ஒன்றைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கொண்டுபோய் வைத்தான், தொலைந்துபோன மாதிரி இருந்தது, கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்தான், இன்னும் கொஞ்சம், பார்த்தால் அது பழைய இடத்துக்கே வந்து நின்றது. மனுஷன் வீட்டில் சாமான் எப்படி இருக்கும்? கிடந்த இடத்தில் கிடக்கும். யாரும் வைக்க மாட்டார்கள், அதுவாகக் கிடக்கும். அதுவாகக் கிடக்கிற மாதிரி வைப்பது எப்படி என்று எந்த மண்டபக்காரனும் அவனிடம் கேட்டதில்லை. வீட்டு ஓனர் ஜெயராணி அக்கா காய்ந்த துணியை எடுக்க மேலே வந்தாள், வாயைப் பிளந்தாள், தம்பி சினிமா செட்டு மாதிரில்ல இருக்கு, மக வந்ததும் நிக்க வச்சு நல்லா போட்டோ எடுங்க என்று சொல்லிவிட்டுத் துணியோடு இறங்கிப் போனாள். நல்ல மனசோடு சொன்னதுதான். நிக்க வச்சு. அந்த இரண்டு வார்த்தை அவனை விட்டுப் போக மறுத்தது. நிற்க வைப்பதற்கா இத்தனை பாடு, உட்கார வைப்பதற்கு அல்லவா, சாய வைப்பதற்கு, காலை நீட்ட வைப்பதற்கு, தூக்கம் வந்தால் அப்படியே விழ வைப்பதற்கு. அவன் போய் ஊஞ்சல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான், அவள் கண்ணுக்கு என்ன தெரியும் என்று. துவைக்கிற கல் தெரிந்தது. ரூம் கதவு தெரிந்தது, கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாள் தெரிந்தது. அவன் மாய்ந்து மாய்ந்து கட்டிய துணி முதுகுக்குப் பின்னால் இருந்தது, செடிகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன, பெயர் தலைக்கு மேல் இருந்தது. எல்லாம் மாடிப்படி ஏறி வருகிறவன் பார்ப்பதற்கு. உட்காருகிற பிள்ளைக்குத் துவைக்கிற கல். இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் தான் கட்டிய மேடையில் ஏறி உட்கார்ந்து பார்த்ததில்லை, பொண்ணு மாப்பிள்ளைக்கு அங்கேயிருந்து என்ன தெரிகிறது என்று நினைத்ததும் இல்லை. எதிரே பந்திக்கு முந்துகிற கூட்டம் தெரிந்திருக்கும், வேறென்ன.

வெயில் இறங்கியும் தரை சுட்டது. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சுற்றிலும் ஊற்றினான், சிமெண்டு சீறிக் குடித்தது, அந்த வாசனை வந்ததும் ஒரு நிமிஷம் மனசு நின்றது, உடனே கைப்பிடிச் சுவர் நினைவுக்கு வந்து மறுபடி ஓடத் தொடங்கியது. சுவர் குட்டை. அவன் இடுப்புக்கு இருக்கிறது, அவள் நெஞ்சுக்கு இருக்குமா, விமானம் பார்க்கிறேன் என்று எக்கினால்? சுவரை மறைத்துத் துணி கட்டியிருந்தான். மறைத்தது தப்பு, சுவர் எவ்வளவு உயரம் என்றே தெரியவில்லை, பிள்ளை துணியை நம்பிச் சாய்ந்தால், ஐயோ. அவிழ்த்தான். அவிழ்த்ததும் அந்தப் பக்கத்து வீட்டுக் கக்கூஸ் குழாய் தெரிந்தது. மறுபடி கட்டினான், முன்னால் தொட்டிகளை வரிசையாக வைத்தான், தொட்டி மேல் ஏறி நின்றால் இன்னும் ஆபத்து என்று தோன்றித் தொட்டிகளை எடுத்தான். இப்படியே அவனை விட்டால் ராத்திரி முழுக்க அந்தத் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு சுற்றுவான். ரேணுகா இருந்தபோது இப்படி ஒரு சாயங்காலம் அவன் வீட்டில் இருந்தானா? முகூர்த்த மாதங்களில் அவன் விடியும்போது வீட்டுக்கு வருவான், மகள் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள், இரண்டு பேரும் வாசல்படியில் சந்தித்துக்கொள்வார்கள், அவள் அவன் தலைமுடியிலிருந்து ஜிகினா ஒன்றைப் பிய்த்தெடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவாள். அதுதான் அவர்கள் பேச்சு. ஊரில் எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் நீங்கள் முதல் ஆள், நம் வீடு மட்டும் உங்களுக்குச் சத்திரம் என்று ரேணுகா ஒரு நாள் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை, காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள், அவன் பதில் சொல்வதற்குள் போன் வந்தது, எடுத்துப் பேசினான். எடுத்திருக்கக் கூடாது. பெயர்ப்பலகை எதற்கு, எந்த வீட்டில் பிள்ளை பெயரைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள், எடுத்துவிடலாம் என்று ஸ்டூலில் ஏறினான், எடுத்ததும் அந்த இடம் மொட்டையாக இருந்தது, திரும்ப மாட்டினான், எழுத்து ஒன்று சாய்ந்திருந்தது, அதை நிமிர்த்தினான், கீழே பைக் சத்தம் கேட்டது.

ரேணுகாவின் தம்பி கேட்டிலேயே இறக்கிவிட்டு, மச்சான் வாறேன் என்று கையை மட்டும் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான். தன்ஷிகா படியேறி வந்தாள். போன மாதத்தைவிட வளர்ந்திருந்தாள், அல்லது சடை மாற்றிப் பின்னியிருந்தார்கள், முதுகில் ஸ்கூல் பை, கையில் ஒரு பழக்கவர். ஆப்பிளும் ஆரஞ்சும், மேலே ஒரு பாக்கெட் பிஸ்கட். அதை இரண்டு கையாலும் பிடித்து அவனிடம் நீட்டினாள். "அம்மா குடுக்கச் சொன்னாங்க. ஒருத்தங்க வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோட போகக் கூடாதுன்னாங்க." அவன் வாங்கிக்கொண்டான். வாங்கும்போது நல்லது நல்லது என்றுகூடச் சொன்னான், விருந்தாளியிடம் சொல்கிற மாதிரி. ஒருத்தங்க வீடு. ரேணுகா வேண்டுமென்று செய்யவில்லை, அவள் வளர்ப்பு அப்படி, பெரியப்பா வீட்டுக்குப் போனாலும் சித்தி வீட்டுக்குப் போனாலும் பழம் வாங்காமல் படியேற மாட்டாள், பிள்ளைக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறாள், நல்ல பழக்கம்தான், ஆனால் அப்பன் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்த பிள்ளையை அவன் இப்போதுதான் பார்க்கிறான். கவர் கனத்தது. அவள் ஊதாத் துணியைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், பல்புகளைப் பார்த்தாள், தன் பெயரை மெதுவாக ஒருமுறை படித்தாள், பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "இங்க எதும் ஃபங்ஷனாப்பா?"

இல்லடா, உனக்குத்தான் என்றான். எனக்கா என்றாள், இன்னிக்கு எனக்குப் பிறந்தநாள் இல்லையே என்றாள். சும்மாதான் என்றான். அவளுக்கு அது புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினாள், எங்கே உட்காரணும் என்று கேட்டாள், அவன் நாற்காலியைக் காட்ட, போய் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, ஷூ காலைச் சேர்த்து வைத்து. அவன் மேடைகளில் ஆயிரம் பிள்ளைகள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள், யாராவது வந்து இறக்கிவிடும் வரைக்கும். போட்டோ எடுக்கணுமாப்பா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். ஒரு விமானம் தாழ்வாகப் போனது, அவள் திரும்பவில்லை, துணி மறைத்துக்கொண்டிருந்தது. அவன் பழக்கவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான், இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பாள், எப்பப்பா போவோம், தாழ்ந்த குரலில் கேட்பாள், அவன் பைக் சாவியை எடுப்பான், வழியில் ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தருவான், அவ்வளவுதான், அடுத்த மாதம் வரைக்கும் அவ்வளவுதான். அதற்குமேல் தாங்கவில்லை. கவரைத் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலில் ஏறி, காலையிலிருந்து உயிரை வாங்கிய அந்த இடது முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். துணி பாதி சரிந்து அவள் தலைமேல் விழுந்தது. "கழட்டிருவோம்த்தா" என்றான். உள்ளேயிருந்து குரல் வந்தது. "எல்லாத்தையுமா?" எல்லாத்தையும் என்றான். துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தாள், சடை கலைந்திருந்தது. பிறகு பையை இறக்கி வைத்தாள், குனிந்து ஷூவைக் கழற்றினாள், ஒன்று இங்கிட்டும் ஒன்று அங்கிட்டும் போய் விழுந்தது.

கட்டி வைத்த மேடையில் பேசாத பிள்ளை பிரிக்கும்போது பேசும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. துணியைத் தாங்கிய இரும்புக் குழாயில் கட்டியிருந்த சணல் முடிச்சுகளை அவள் நகத்தால் நோண்டி நோண்டி அவிழ்த்தாள், ஒன்று அவிழ்ந்ததும் அடுத்ததற்குப் போனாள், கை வேலையாக இருந்ததால் வாய் தன்பாட்டுக்குப் போனது. அவளுக்கு ஊதா பிடிக்காதாம், சின்னப் பிள்ளையிலிருந்தே பிடிக்காதாம். வகுப்பில் ஒருத்தி பல் விழுந்ததைப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டு காட்டுகிறாளாம். அம்மா இப்போது ஸ்கூட்டர் ஓட்டப் பழகுகிறாளாம், வளைவில் காலை ஊன்றிக்கொள்கிறாளாம். அவன் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு நெஞ்சில் அடுக்கினான். இத்தனை நாள் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாள்? தன் பெயர் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றி விசிறி மாதிரி வீசிக்கொண்டாள், முகமெல்லாம் ஜிகினா. துணி போனதும் காற்று வந்தது, துவைக்கிற கல்மேல் ஏறி உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்தாள், கேட்காமல் எடுத்தாள், சுளையில் பாதியை அவன் வாயில் திணித்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவனுக்குப் புதுப் பயம் பிடித்தது. வேலை தீரப்போகிறது. ஒரு மண்டபத்தையே டீ குடிக்கிற நேரத்தில் பிரித்து லாரியில் ஏற்றுகிற கை, இந்த மாடியில் இன்னும் நாலு முடிச்சுதான் பாக்கி, அதையும் அவிழ்த்துவிட்டால் சும்மா நிற்க வேண்டும், சும்மா நின்றால் பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் வரும். அவன் நிதானித்தான். ஒரே முடிச்சை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் சீரியல் பல்பு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், முதுகு காட்டி நின்றாள். அவன் மெதுவாக நகர்ந்து, அவள் ஏற்கெனவே அவிழ்த்துப் போட்டிருந்த கயிற்றை எடுத்துக் குழாயில் சுற்றி முடிச்சுப் போட்டான். இன்னொன்றும் போட்டான். மண்டபத்துக்குப் போடுகிற முடிச்சு, லேசில் அவிழாது. இரண்டாவதை இறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"அப்பா, அத நான் இப்பத்தான அவுத்தேன்."

அவனால் திரும்ப முடியவில்லை. கை கயிற்றிலேயே இருந்தது. என்ன சொல்வது, தெரியாமல் கட்டிவிட்டேன் என்று சொல்லலாம், பழக்கதோஷம் என்று சொல்லலாம், இருபது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்காது, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அவமானமாக இருந்தது. அவள் கிட்டே வந்து முடிச்சைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள், முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் ரூமுக்குள் போன் அடித்தது. எட்டு மணிக்கு அடிப்பது யார் என்று பார்க்கவே வேண்டியதில்லை. அவன் போய் எடுத்து வந்து அப்படியே மகளிடம் நீட்டினான். அவள் அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள், இரண்டு கையும் முடிச்சுக்கே திரும்பப் போனது.

"இல்லம்மா, இன்னும் சாப்பிடல. இல்ல, இப்ப வரல. இங்க வேல கெடக்குமா, நெறைய கெடக்கு. முடிச்செல்லாம் அவுரவே மாட்டேங்குது. ஆமா, அப்பா இருக்காங்க. காலைல வாறேன்."

போனைத் துவைக்கிற கல்மேல் வைத்தாள். கயிற்றின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள், நகரவில்லை. "அந்தப் பக்கம் நீ புடிப்பா" என்றாள். சோலைமலை அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.